முலாஞ்சேக்குப் போகும் தம்பிக்கு

அன்புள்ள டீச்சர்,

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். வயது 24. இரண்டு வருட மிஷனரிப் பயிற்சி அடுத்த மாதம் முடிகிறது. ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் முலாஞ்சே என்ற இடத்துக்கு என்னை அனுப்புகிறார்கள். அங்கேயும் தேயிலைத் தோட்டங்கள்தானாம். இருளில் வாழும் அந்த மக்களுக்கு ஒளியைக் கொண்டுபோக ஆவலாக இருக்கிறேன். ஆனால் அம்மா இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறார். தங்கச்சி படிக்கிறாள். இவர்களை விட்டுவிட்டுப் போவது சரியா? என்ன புத்தகங்கள் கொண்டுபோகலாம்? "நம்ம சனத்துக்குச் செய்ய இங்கே வேலை இல்லையா" என்று நண்பர்கள் வேறு கேட்கிறார்கள்.

பெயர் வேண்டாம்,
பொகவந்தலாவை

தம்பிக்கு,

போன வாரம்தான் அம்மாவின் டிரங்குப் பெட்டியை ஒழுங்குபடுத்தினேன். அவர் போய் ஒன்பது மாதமாகிறது, இப்போதுதான் மனம் வந்தது. பெட்டியின் அடியில் அவருடைய நீலச் சுவெட்டர் மடித்தபடி இருந்தது. அதை நினைத்துக்கொண்டே இருந்த நாட்களில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நண்பர்களை விடுங்கள். கட்டாருக்கு வேலைக்குப் போகிறவனிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. புத்தகத்துக்கும் அலைய வேண்டாம். வேதாகமம் எப்படியும் பையில் இருக்கும், கூட அங்கே பேசும் சிச்சேவா மொழிக்கு ஒரு அகராதி கிடைத்தால் போதும்.

எனக்கு உறுத்துவது வேறு. "இருளில் வாழும் அந்த மக்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அவர்களில் ஒருவரையாவது உங்களுக்குத் தெரியுமா? மலாவி மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், தம்பி. ஸ்கொட்லாந்து மிஷனரிகள் 1876இலேயே அங்குள்ள பிளான்டயருக்கு வந்துவிட்டார்கள். உங்களைவிட மூன்று நான்கு தலைமுறை முன்பிருந்தே ஜெபம் செய்கிற குடும்பங்கள் உங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, மக்காச்சோள மாவில் ந்சிமா கிண்டிச் சாப்பாடு போடுவார்கள். அவர்கள் முன்னால் உட்கார்ந்து இந்த வரியைச் சொல்வீர்களா? இரண்டு வருடப் பயிற்சியில் இதை யாரும் சொல்லித் தரவில்லையா, இல்லை நீங்கள்தான் காதில் வாங்கவில்லையா? கோபமாகத்தான் கேட்கிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் தோட்டத்துக்கு ஒரு குழு வந்தது. யார் என்பது வேண்டாம். இரண்டு வேனில் பழைய உடுப்புகள் கொண்டுவந்து எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் பங்கிட்டார்கள். மார்கழி மாதம், எதிர் லயம் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்தார். இடுப்பில் படங்கு, மேலே அந்த நீலச் சுவெட்டர். ஒரு வருடம் சீட்டுக் கட்டி ஹட்டனில் வாங்கியது அது. கமெரா வைத்திருந்தவர் அம்மாவைப் பார்த்து ஏதோ சொன்னார். கூட வந்தவர் தமிழில் சொன்னார்: "சுவெட்டரைக் கழற்றிவிட்டு நிற்கச் சொல்லுகிறார்." அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கழற்றி, மடித்து, என் கையில் தந்துவிட்டு நின்றார். கொழுந்துக் கறை ஏறி வெடித்திருந்த பெருவிரலை மற்றக் கைக்குள் மறைத்துக்கொண்டார். அந்தக் கையை வெளியே நீட்டச் சொன்னார்கள். அதையும் செய்தார்.

சில மாதம் கழித்து அவர்களுடைய சஞ்சிகை ஒன்று கணக்கப்பிள்ளை வீட்டுக்கு வந்தது. அம்மாவின் படம் இருந்தது. கீழே ஆங்கிலத்தில் 'இருண்ட மலைகளின் மக்கள்' என்று போட்டிருந்தார்கள். "என்ன எழுதியிருக்கு?" என்று அம்மா கேட்டார். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "கொழுந்து எடுக்கும் பெண் என்று எழுதியிருக்கு" என்றேன். அவர் போகும்வரை உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது விளங்குகிறதா? நீங்கள் எழுதிய சொல் நம்மை எழுதிய சொல். 1854இல் இந்த மலைத் தோட்டங்களுக்கென்று தொடங்கிய மிஷனுக்கு 'தமிழ்க் கூலி மிஷன்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் நடத்தினார்கள், நம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தந்தார்கள், அதை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் கூலி என்று பெயர் வைத்துவிட்டுத்தான் கதவைத் தட்டினார்கள். லயத்தில் பிறந்த பிள்ளை நீங்கள். இன்னொரு தோட்டத்துச் சனத்துக்கு அதே மாதிரி ஒரு பெயரை இங்கேயிருந்தே வைத்துக்கொண்டு போகலாமா?

போவதற்கு முன் ஜோன் சிலெம்ப்வேயைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அந்த மண்ணின் போதகர். அமெரிக்காவில் படித்து 1900இல் ஊர் திரும்பி, சபையும் பள்ளிக்கூடங்களும் நடத்தினார். அந்தக் காலத்தில் அங்கே வெள்ளைக்காரர் தோட்டத்தில் குடியிருந்தால், இடத்துக்கு வாடகையாக உடல் உழைப்பைக் கொடுக்க வேண்டும். தங்காட்டா என்பார்கள். லயத்துக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1915 ஜனவரியில் அவர் தலைமையில் கிளர்ச்சி நடந்தது, பெப்ரவரியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆயுதம் எடுத்தது சரியா என்று நாம் வாதாடலாம். ஆனால் ஜனவரி 15 அங்கே அவர் பெயரில் விடுமுறை. அப்படிப்பட்ட ஊருக்குப் போகிறீர்கள்.

ஒரு முன்மாதிரி வேண்டுமென்றால் நம் கண்டியிலேயே இருக்கிறார். நீங்கள் வேறு சபையாக இருந்தாலும் பரவாயில்லை. கத்தோலிக்கக் குருவான ஜோசப் வாஸ் 1687இல் கோவாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தார். தமிழும் படித்தார், சிங்களமும் படித்தார். உளவாளி என்று சந்தேகப்பட்டுக் கண்டியில் சிறை வைத்தார்கள். 1697இல் அங்கே பெரியம்மை பரவி அரசனே ஊரைவிட்டு விலகியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளோடு இவர் தங்கினார். கழுவித் துடைத்தார், கஞ்சி கொடுத்தார், இறந்தவர்களைப் புதைத்தார். 1711இல் கண்டியிலேயே இறந்தார். ஒருமுறைகூடக் கோவாவுக்குத் திரும்பவில்லை.

முதல் வருடம் பிரசங்கம் எதுவும் வேண்டாம். "முலி ப்வான்ஜி" என்று நலம் விசாரித்துவிட்டு அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். உங்களுக்குக் கொழுந்து எடுக்கத் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த மாதமே அம்மாவோடு மலைக்குப் போய்ப் பழகுங்கள். அங்கே அந்தப் பெண்களோடு நிரையில் நிற்க அது உதவும்.

அம்மாவை விட்டுப் போவது சரியா என்று கேட்டீர்கள். அதை அந்த நிரையில் வைத்து அவரிடமே கேளுங்கள், நான் சொல்வது முறையில்லை. போவதற்கு முன் அவருடைய சேமலாப நிதிப் பத்திரங்களைச் சரிபார்த்துத் தங்கச்சி கையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம், முலாஞ்சேயில் எல்லாரும் உங்கள் அம்மா எப்படி இருப்பார் என்று கேட்பார்கள். காட்டுவதற்கு ஒரு படம் எடுத்துக்கொண்டு போங்கள். அவருடைய நல்ல சுவெட்டரைப் போடச் சொல்லி எடுங்கள்.