விலாவில் எடுத்து மூக்கில் வைத்தால் நிலைக்குமா?

கேள்வி: ஸ்கூட்டர் விபத்தில் என் மகளுக்கு (வயது 26) மூக்குத்தண்டு அமுங்கிவிட்டது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில், விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைக்கலாம் என்று மொத்தமாக ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். ‘வாழ்நாள் கேரண்டி’யாம். இன்சூரன்ஸில், அழகு சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்கிறார்கள். தையில் கல்யாணம். நம்பிப் பணம் கட்டலாமா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: சிகிச்சையை நம்பலாம் அம்மா, கேரண்டியை நம்பாதீர்கள்.

அமுங்கிய தண்டைத் தூக்கி நிறுத்த மூக்கின் நடுச்சுவரிலும் காதிலும் கிடைக்கும் குருத்தெலும்பு பெரும்பாலும் போதாது. விலாவில் தாராளமாகக் கிடைக்கும். சொந்தத் திசு என்பதால், மூக்கில் வைக்கும் செயற்கை சிலிகான் துண்டுபோலத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் பயமும் குறைவு.

இதன் பெரிய குறை, வளைவது. ஈரம் காயாத தேக்கில் கதவு செய்தால் என்னாகும் என்று உங்கள் ஊர் ஆசாரியைக் கேட்டால் சொல்வார். குருத்தெலும்பின் மேற்பரப்பு இழுத்துப் பிடித்த நிலையில் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் சீவினால் துண்டு வளைந்துகொள்ளும். இரு பக்கமும் சமமாகச் சீவ வேண்டும் என்று கிப்சன், டேவிஸ் என்ற மருத்துவர்கள் 1958இலேயே எழுதிவிட்டார்கள். சீவிய துண்டை உப்புநீரில் கொஞ்ச நேரம் போட்டு, வளைகிறதா என்று பார்த்த பிறகே வைக்கும் மருத்துவர்கள் உண்டு. அப்படியும் சிலருக்கு மாதங்கள் கழித்து வளையும், சிலருக்குக் கொஞ்சம் கரையும். அப்போது மறு அறுவை சிகிச்சைதான். அந்தச் செலவு பேக்கேஜில் உண்டா, எத்தனை மாதம் வரை, தியேட்டர், மயக்க மருந்துக் கட்டணம் யாருடையது? இதை எழுத்தில் வாங்காமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள். அந்த மருத்துவரிடம் செய்துகொண்டவர்களின் ஒரு வருடத்துக்குப் பிந்தைய போட்டோக்களையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதப் போட்டோ வீக்கத்தைத்தான் காட்டும்.

மார்பில் ஒரு தழும்பு விழும், சில வாரம் வலிக்கும். அபூர்வமாக நுரையீரல் உறையில் கிழிசல் வரலாம். இதை உங்களிடம் சொன்னார்களா?

இன்சூரன்ஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அழகு சிகிச்சைக்கான விலக்கு, விபத்துக்குப் பின் செய்யும் சீரமைப்புக்குப் பொருந்தாது. விபத்தால் வந்தது, மூச்சுவிடச் சிரமம் என்றால் அதுவும் சேர்த்து மருத்துவரிடம் சான்று வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு, முதலில் கம்பெனிக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான ஆம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம், கட்டணம் இல்லை.

அப்புறம், கல்யாணம். மூக்கின் இறுதி வடிவம் தெரிய ஒரு வருடம் ஆகும். முகூர்த்தத்தை வைத்து ஆபரேஷன் தேதி குறிக்க வேண்டாம். அவசரம் இல்லையென்று மருத்துவர் சொன்னால், கல்யாணம் முடிந்தே செய்துகொள்ளட்டும்.