ஒன்றரை மணி நேரத்துக்கு ஐந்து மதிப்பெண்

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். நானும் கல்லூரித் தோழர்கள் நால்வரும் அண்மையில் ஆடி முடித்த வீடியோ கேம்களைப் பற்றி வாரந்தோறும் ஒருவருக்கொருவர் எழுதிப் பகிர்ந்துகொள்கிறோம். கதை, கிராஃபிக்ஸ், சண்டை, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, கொடுத்த காசுக்குத் தகுமா என்று பிரித்துப் பத்துக்கு மதிப்பெண் இடுவது எங்கள் வழக்கம்.

இந்தச் சுற்றில் ‘எல்டன் ரிங்’ ஆட்டத்துக்கு ஒன்பதரை கொடுத்தேன். 120 மணி நேரம் ஆடியும் தீரவில்லை. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’க்கு ஏழு, கதை சோகமானது, ஆனால் மிகவும் மெதுவாக நகர்கிறது. ‘வெண்பா’ என்ற சமையல் ஆட்டத்துக்கு ஐந்து, நம்மவர்கள் செய்தது என்று ஆவலோடு வாங்கினேன், ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. (நான் ஆடும்போது பின்னால் வந்து நின்ற அம்மா, “இட்லித் தட்ட அப்படியாடா அடுக்குவாங்க? குழிக்கு நேர் மேல குழி வந்தா இட்லி எப்படி உப்பும்?” என்று கேட்டது தனிக்கதை.) என் தோழன் ஒருவன் அதை ஆடி முடித்த கையோடு, வாங்கிய ஸ்டீம் இணையக் கடையில் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டான். இதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம்.

வீடியோ கேமைக் கலை என்று கொள்ளலாமா? கொள்ளலாம் என்றால் அதற்கு விமர்சனம் எழுதுவது எப்படி? அடுத்து எதை ஆடலாம் என்றும் சொன்னால் மகிழ்வேன்.

எஸ்.

---

அன்புள்ள எஸ்.,

கலையா இல்லையா என்பதை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். 2010இல் அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் வீடியோ கேம் ஒருபோதும் கலையாகாது என்று எழுதினார். 2012இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் ‘டெட்ரிஸ்’, ‘பேக்-மேன்’ உட்பட 14 ஆட்டங்களைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஈபர்ட் எழுதியதால் ஒருவரும் ஆடுவதை நிறுத்தவில்லை. அருங்காட்சியகம் சேர்த்ததால் ‘டெட்ரிஸ்’ முன்னைவிடச் சிறந்த ஆட்டமாகிவிடவும் இல்லை. வேலையற்றவர்கள் அந்த வழக்கைத் தொடர்ந்து நடத்தட்டும்.

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுதுவதற்குக் காரணம் அந்தக் கேள்வி அல்ல, அதற்கு முன்னால் நீங்கள் போட்டிருக்கும் மதிப்பெண்கள். சில காலமாகவே, ஆட்டம் ஆடுகிறவர்கள் தங்களுக்குள் கருத்துச் சொல்லிக்கொள்ளும் விதத்தைக் கவனித்துவருகிறேன். கதையைச் சொல்கிறார்கள், கிராஃபிக்ஸைச் சொல்கிறார்கள், எத்தனை மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறார்கள். அத்தனை மணி நேரமும் தங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. படம் பார்த்தவன் அப்படிப் பேசினால் குறையில்லை. அவன் இருக்கையில் உட்கார்ந்திருந்தான், திரையில் நடந்த எதற்கும் அவன் பொறுப்பில்லை. கண்ட்ரோலரைப் பிடித்திருந்த நீங்கள் அப்படித் தப்பிக்க முடியாது.

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ சோகமான கதை என்கிறீர்கள். யாருடைய கதை? 1899இல் நடப்பதாக வரும் அந்த ஆட்டத்தில் ஆர்தர் மார்கன் என்ற கொள்ளைக்காரன் நீங்கள்தான். தொடக்கப் பகுதியிலேயே, கும்பலுக்காக வட்டித்தொழில் பார்க்கும் ஒருவன் கடன் வசூலிக்க உங்களை அனுப்புகிறான். தாமஸ் டௌன்ஸ் என்ற நோயாளி விவசாயியை, மனைவியும் மகனும் பார்த்திருக்க, அவன் வீட்டு வேலியோரத்தில் ஆர்தர் அடிக்கிறான். அடிபட்டவன் இருமுகிறான், அவன் இரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. ஆர்தரை அந்த வேலிவரை குதிரையில் கொண்டுபோய் நிறுத்தியவர் நீங்கள். வழியில் மான் தென்பட்டிருந்தால் இறங்கி வேட்டையாடிவிட்டும் போயிருப்பீர்கள். அப்போது அது பட்டியலில் இருந்த இன்னொரு வேலை, அவ்வளவுதான். பல மணி நேரம் கழித்து ஒரு மருத்துவர் ஆர்தருக்குக் காசநோய் என்று சொல்லும்போது, அது எங்கிருந்து தொற்றியது என்பது உங்களுக்கு நினைவுக்கு வருகிறது. ஆர்தருக்கு மட்டும் அல்ல, உங்களுக்கும் வருகிறது. இந்த ஆட்டத்தைப் பற்றி எழுத உட்காருகிறவன் முதலில் அங்கே நின்றாக வேண்டும். நீங்களோ “கதை சோகமானது” என்று இரண்டே சொற்களில் அந்த இடத்தைத் தாண்டிச் சென்றுவிட்டீர்கள்.

மெதுவாக நகர்கிறது என்ற புகாரும் இதே வகைதான். குதிரைக்குத் தீனி கொடுக்க வேண்டியிருக்கிறது, சேறு படிந்தால் தேய்த்துவிட வேண்டியிருக்கிறது, அலமாரி இழுப்பறையை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருக்கிறது. எரிச்சல் வரும்தான். இறுதிச் சவாரியில் அந்தக் குதிரை சுடப்பட்டு விழ, ஆர்தர் மண்டியிட்டு அதற்கு நன்றி சொல்கிறானே, அப்போது தொண்டை அடைத்ததா இல்லையா? அடைத்திருந்தால், அதற்கான காரணம் நீங்கள் சலித்துக்கொண்டே தேய்த்த தேய்ப்பில்தான் இருக்கிறது. வெட்டிச் சுருக்கிய ஆட்டத்தில் அது முன்பின் தெரியாத ஒரு குதிரையாகச் செத்திருக்கும்.

இனி மணிக்கணக்குக்கு வருகிறேன். இதை எளிதில் விடுவதாக இல்லை.

காசைக் காலத்தால் வகுத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் ஆர்கேடு கூடங்களின் எச்சம். 1978இல் ஜப்பானில் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வந்த காலம் தொட்டு, நாணயம் போட்டு ஆடும் இயந்திரத்தின் பிழைப்பு உங்களை விரைவில் கொல்வதில்தான் இருந்தது. நீங்கள் செத்தால்தான் அடுத்த நாணயம் விழும். ஆகவே ஒரு நாணயத்துக்கு எத்தனை நேரம் தாக்குப்பிடித்தேன் என்பது ஆடுகிறவனுக்கு உண்மையான பெருமையாக இருந்தது. அது அவன் கைத்திறனுக்கான அளவுகோல். ஆட்டம் வீட்டுக்குள் வந்து, மொத்த விலையையும் முதலிலேயே கொடுத்து வாங்கும் முறை ஆனபின் அந்தக் கணக்குக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் அது சாகவில்லை, தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. முன்பு நேரம் என்பது ஆடுகிறவனின் திறமை. இப்போது அது கடைக்காரனின் கொசுறு.

கேட்கிறவர்கள் கொசுறு கேட்டால் செய்கிறவர்கள் அதைத்தான் செய்வார்கள். வரைபடம் முழுக்க அடையாளக்குறிகளை அள்ளி இறைத்து, ஒரே மாதிரியான கோபுரத்தில் ஏறு, ஒரே மாதிரியான முகாமை அழி, இருபது இறகு பொறுக்கு என்று ஆட்டத்தை நீட்டுகிறார்களே, அது உங்களைப் போன்றவர்கள் கேட்டு வாங்கிய வரம். உங்கள் ஒன்பதரையும் இதற்கு விலக்கல்ல. ‘எல்டன் ரிங்’ பேராட்டம், எனக்கும் அதில் மோகம் உண்டு. ஆனால் அந்த 120 மணி நேரத்தில் எத்தனை நிலவறைகளில் அதே காவல்பூதத்தோடு மறுபடியும் மறுபடியும் மோதினீர்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? அதில் அரிதானவை சில மணி நேரங்கள். மீதியையும் சேர்த்து எடைபோட்டு மதிப்பெண் கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் தோழரின் செயலைப் பற்றி எனக்குக் கடும் கோபம். வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது ஸ்டீமின் விதி. கணினியில் ஓடாத ஆட்டத்தையோ, தவறி வாங்கிய ஆட்டத்தையோ, சற்று ஆடிப் பார்த்துப் பிடிக்காத ஆட்டத்தையோ திருப்பிக் கொடுக்க அந்த ஏற்பாடு. ‘வெண்பா’ அந்த இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதால் கடைசிவரை ஆடிவிட்டுப் பணத்தைக் கேட்பது, பந்தியில் பாயசம்வரை சாப்பிட்டு இலையை மடித்தபின் மொய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்பதற்குச் சமம். அவருக்குப் பணமுடை என்றால் என்னிடம் கேட்டிருக்கலாம். அதை வாக்குவாதத்துக்குரிய ஒரு நிலைப்பாடாக அவர் முன்வைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

‘வெண்பா’ 2023இல் டொரான்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் வெளியிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருது பெற்றது என்பதெல்லாம் கிடக்கட்டும். 1988இல் கனடாவில் குடியேறியிருக்கும் வெண்பா, பாவலன் என்ற தமிழ்த் தம்பதியின் வீட்டுச் சமையலறைதான் அதன் களம். அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது; எழுத்து அழிந்த இடங்களில் என்ன இருந்திருக்கும் என்பதை நாம் செய்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக்குழலில் எதற்குப் பின் எதைப் போடுவது என்று கை தடுமாறுகிறது. பிறகு அவர்கள் மகன் கவின் வளர்கிறான், வீட்டு மொழியிலிருந்து விலகிப்போகிறான். ஒரு கட்டத்தில் அதே குறிப்பேடு அவன் கைக்கு வருகிறது. இப்போது நாம்தான் அவன், தமிழைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறவன். சற்று முன்னர் தாயாக நின்று சமைத்த அதே கை, இப்போது மகனாகத் திணறுகிறது. மாமியும் மருமகளும் அழுதுகொண்டே ஆண்டுக்கணக்கில் ஓடும் தொடரில் நடக்காதது இங்கே ஒன்றரை மணி நேரத்தில் நடக்கிறது. இன்னும் எத்தனை மணி நேரம் வேண்டும் உங்களுக்கு? கவினுக்கு வாள் கொடுத்து வெண்டைக்காயோடு சண்டை போடவிட வேண்டுமா?

உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே நல்ல விமர்சனம் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. அதைச் சொன்னவர் உங்கள் அம்மா. அந்த ஆட்டம் உங்களிடம் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்த ஒருவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கிறார். உங்கள் கை செய்த தவறைப் பார்த்திருக்கிறார். அது ஏன் தவறு என்பதற்குக் காரணமும் சொல்லியிருக்கிறார். நீங்கள் அதைத் தனிக்கதை என்று ஒதுக்கிவிட்டு ஐந்து மதிப்பெண் போட்டீர்கள். அந்த ஒரு வரியைப் படித்தபோது உங்கள் மீது எனக்கு வாத்சல்யம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை எழுதாமல் விட்டுவிட உங்களால் முடியவில்லை, பாருங்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. தடுப்பு வைத்த சிறு அறையில் சில டிவிப் பெட்டிகள்; மஞ்சள் கேசட் போட்டு ஆடும் போலிக் கன்சோல்கள்; நேரம் பார்க்க மேசைமேல் அலாரம் கடிகாரம். எல்லாருக்கும் ‘கான்ட்ரா’ என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம்தான் வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பையன் தினமும் வருவான், ஒருநாளும் ஆடமாட்டான், காசு இருக்காது. கடைக்காரர் விரட்டும்வரை பின்னால் நின்று பார்ப்பான். மறுநாள் மதிய உணவு இடைவேளையில் அவனைச் சுற்றிக் கூட்டம் கூடும். எந்த ஸ்டேஜில் எந்த பாஸ், அதாவது முடிவில் வழிமறிக்கும் பெரிய எதிரி, வந்தது என்று அவன் சொன்னதே இல்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. இன்னார் எங்கே பயந்தான், எங்கே பொறுமை இழந்து குதித்தான் என்று சொல்வான். மூன்றாவது ஸ்டேஜ் அருவி. இருவர் சேர்ந்து ஆடும்போது ஒருவன் வேகமாக மேலே ஏறினால் திரையும் கூடவே ஏறும். பின்தங்கியவன் திரைக்குக் கீழே போய்ச் செத்துவிடுவான். ஒருநாள் எங்கள் தெருப் பையன் ஒருவன் தன் சொந்தத் தம்பியை அப்படி விட்டுவிட்டு ஏறினான். “அவன் கூப்பிட்டான், உனக்குக் கேட்டுச்சு, நீ திரும்பிப் பார்க்கல” என்று மறுநாள் இவன் எல்லார் முன்னாலும் சொன்னபோது, அந்த அண்ணன்காரன் சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு வாசித்த ஆட்ட விமர்சனங்களில் அதற்கு ஈடான ஒன்றை நான் காணவில்லை.

இப்படி எழுத இடமில்லை, நேரமில்லை என்று சொல்லாதீர்கள். உங்கள் ‘எல்டன் ரிங்’ ஆட்டத்துக்குள்ளேயே ஆடுகிறவர்கள் தரையில் குறிப்பு எழுதிவைக்கிறார்கள். சொந்த வாக்கியம் எழுத அனுமதியில்லை. ஆட்டம் தரும் சொற்களைக் கோத்துத்தான் எழுத முடியும். அந்த நெருக்கடிக்குள்ளும், முன்னால் பதுங்கியிருக்கிறான், இங்கே குதி, இந்தச் சுவர் பொய் என்று முகம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவைக்கிறார்கள். கணிசமானவர்கள் வேண்டுமென்றே புளுகுகிறார்கள், அவர்களை நம்பிக் குதித்தவர்களில் நானும் உண்டு. எவராவது உங்கள் குறிப்பை மெச்சினால் அக்கணமே ஆட்டத்தில் உங்களுக்கு மிச்சமுள்ள உயிரைக் காட்டும் உயிர்மானி ஏறுகிறது. அதில் எவரும் பத்துக்கு ஒன்பதரை என்று எழுதிவைப்பதில்லை.

அடுத்து எதை ஆடலாம் என்று கேட்டீர்கள். லூகாஸ் போப் உருவாக்கி 2018இல் வெளிவந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ ஆடுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று 1807இல் ஆளில்லாமல் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. அதில் இருந்த 60 பேரும் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று நீங்கள் ஒரு பேரேட்டில் எழுத வேண்டும். படம் முழுவதும் இரண்டே வண்ணங்கள், ஆகவே கிராஃபிக்ஸுக்கு மதிப்பெண் இடும் தொல்லை இல்லை. மூன்று பேரின் முடிவு சரியாக அமைந்தால்தான் ஆட்டம் அதை உறுதிசெய்யும் என்பதால் குருட்டு யூகத்தில் வெகுதூரம் போகவும் முடியாது. முடித்தபின் ஒரே ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். எந்த மாலுமியை எதைக் கொண்டு கண்டுபிடித்தீர்கள், தொங்கு படுக்கையின் எண்ணைப் பார்த்தா, காலில் கிடந்த செருப்பைப் பார்த்தா, அதற்கு முன் யாரை யாரென்று தவறாக எழுதி வைத்திருந்தீர்கள் என்பது மட்டும் அதில் இருந்தால் போதும். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற தகவல் எனக்கு வேண்டாம்.

அன்புடன்.