மார்ஃபின் மாத்திரை: கடையில் ஏன் இல்லை, எங்கே கிடைக்கும்?

கேள்வி: அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய்; இப்போது எலும்புக்கும் பரவிவிட்டது. வலிக்கு டாக்டர் மார்ஃபின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். தஞ்சாவூரில் ஏறி இறங்கிய மெடிக்கல் எதிலும் இல்லை. "அதை வைத்தால் போலீஸ் கேஸ்" என்கிறார் ஒரு கடைக்காரர். வீட்டில் வைத்திருப்பது குற்றமா? எங்கே வாங்குவது?

பதில்: குற்றமில்லை. டாக்டர் சீட்டோடு நோயாளிக்காக வாங்கி வைத்திருப்பதைச் சட்டமே அனுமதிக்கிறது. கடைக்காரர் சொன்னது பழைய பயம், ஆனால் காரணமில்லாமல் வந்த பயம் அல்ல.

1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (என்.டி.பி.எஸ்.) பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது 10 ஆண்டு சிறை என்றது. கடத்தல்காரர்களைக் குறிவைத்த அந்தச் சட்டம் ஆஸ்பத்திரி அலமாரியிலும் கைவைத்தது. மார்ஃபின் வாங்க ஒரு மருத்துவமனை பல லைசென்ஸ் எடுக்க வேண்டும். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். கணக்கில் சின்னப் பிசகு வந்தாலும் வழக்காகுமோ என்று பயந்து, மருத்துவமனைகளும் கடைகளும் மார்ஃபினையே கைவிட்டன. 1997-ல் நாடு முழுவதும் பயன்பட்டது வெறும் 18 கிலோ. சட்டத்துக்கு முன்பிருந்ததைவிட 97 சதவீதம் குறைவு. அதே காலத்தில் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் மார்ஃபின் எடுக்கப்படும் அபின் அரசு அனுமதியோடு விளைந்தது, வெளிநாட்டுக்கும் போனது. வலியில் துடித்த நம் நோயாளிகளுக்குத்தான் கிடைக்கவில்லை. மார்ஃபினைக் கையாளாமலே ஒரு தலைமுறை டாக்டர்கள் படித்து வெளியே வந்தார்கள். அந்தச் சட்டம் செய்த ஆகப்பெரிய சேதம் இதுதான்.

2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் 'அத்தியாவசிய' வகைக்கு வந்தன. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும். அப்படி அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையை 'ஆர்.எம்.ஐ.' (அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்) என்பார்கள்.

ஆகவே கடை கடையாக அலையாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புற்றுநோய் மருத்துவமனையிலோ 'வலி நிவாரணப் பிரிவு' அல்லது 'பாலியேட்டிவ் கேர்' (வலியையும் தொல்லைகளையும் குறைக்கும் தணிப்புச் சிகிச்சை) எங்கே என்று விசாரியுங்கள். "ஆர்.எம்.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா, வாய்வழி மார்ஃபின் ஸ்டாக் இருக்கிறதா?" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள், முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாத இடங்கள் உண்டு. பயாப்ஸி, ஸ்கேன் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், நோயாளியின் அடையாள அட்டை, அண்மையில் எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு ஆகியவை கையில் இருக்கட்டும். சிறுநீரகம் பழுதென்றால் மார்ஃபின் உடலில் தேங்கும் என்பதால் கடைசியாகச் சொன்னது முக்கியம். அப்பா படுத்த படுக்கையாக இருந்தால், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் தணிப்புச் சிகிச்சை செவிலியரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மாத்திரை கிடைத்த பிறகுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. சாதாரண மார்ஃபின் சுமார் 4 மணி நேரமே வேலை செய்யும். வலி வந்த பிறகு கொடுப்பதல்ல, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது. நடுராத்திரி எழுப்பாமல் இருக்க, படுக்கும்போது இரட்டை டோஸ் எழுதுவது வழக்கம். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இடையில் வலி குத்தினால் எவ்வளவு கூடுதலாகத் தரலாம் என்பதையும் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். 'எஸ்.ஆர்.' வகை (மருந்தை மெதுவாக வெளியிடும்) மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, 12 மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். வாய்ப் புற்றுநோயில் விழுங்க முடியாமல் பொடித்துக் கொடுக்கும் வீடுகள் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

மலச்சிக்கல் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், தானாகப் போகாது. முதல் நாளே மலமிளக்கி தொடங்குங்கள். குமட்டலும் தூக்கமும் சில நாட்களில் அடங்கிவிடும். தட்டியும் எழாத தூக்கம், நிமிடத்துக்கு 8-க்கும் குறைவான மூச்சு என்றால் அடுத்த டோஸைத் தராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"பழக்கமாகிவிடாதா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். வலிக்காக, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடும் புற்றுநோயாளி போதைக்கு அடிமையாவது அரிது. அந்தப் பயத்தில் டோஸைக் குறைத்தால் அப்பாதான் அனுபவிப்பார்.

மாத்திரையை அட்டையோடு பூட்டி வையுங்கள், சீட்டின் நகல் கூடவே இருக்கட்டும். மீந்தால் வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். கடைசி அட்டையைத் தொடும் முன்பே, ஒரு வாரத்துக்கான மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த சீட்டுக்குப் போய்விடுங்கள். திடீரென்று நின்றால் வலி திரும்புவதோடு வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு என்று உடல் வேறு விதமாகவும் தவிக்கும்.