பாட்டுக்குப் பங்கு

அன்புள்ள அக்கா,

எனக்குத் தொண்டி. 23 வயது. அப்பா நாட்டுப்படகில் போகிறவர். நான் லேப்டாப்பில் பாட்டுப் போடுகிறேன். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு டான்ஸ் பாட்டு வெளியிட்டேன், லிங்க் அனுப்பியிருக்கிறேன். எழுத்து, இசை, குரல் மூன்றும் நான்தான். ஒரே ராத்திரியில் முடித்தேன். பல்லவி மட்டும் எங்கள் அப்பத்தா கருவாடு காயப்போடும்போது பாடுவது. அவரே கட்டியது என்று அம்மா சொல்வார். பீட் நண்பன் ஒருவன் போட்டுக் கொடுத்தான். இதுவரை நாலாயிரம் பேர்தான் கேட்டிருக்கிறார்கள்.

அமெரிக்கப் பாடகி ஷெர் பாடிய 'பிலீவ்', கம்ப்யூட்டரில் குரலின் சுருதியைத் திருத்துகிற ஆட்டோட்யூன் என்கிற ஒரே எஃபெக்டால் உலகம் முழுக்க ஹிட் ஆனது என்று படித்தேன். நானும் அதே எஃபெக்டைத்தான் வைத்தேன். என் பாட்டு ஏன் போகவில்லை? ஒரு பாட்டை ஹிட் ஆக்குவது எது? அப்பா, 'இது மிஷின் பாடுற பாட்டு, நீ பாடலை' என்கிறார். ஆட்டோட்யூன் போடுவது ஏமாற்று வேலையா? சென்னைக்குப் போனால்தான் நடக்குமா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் பாட்டை நான்கு முறை கேட்டேன். முதல் தடவை சமையல்கட்டில் செல்போனில். அப்புறம் மகனுடைய ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு. 'கருவாடு காஞ்சிருச்சு, கண்ணு காயலையே' என்று பல்லவி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். மணலில் பழைய வலையை விரித்து மீன் காய்கிறது. அதைக் குனிந்து திருப்பிப் போடுகிறவள் நிமிரும்போதெல்லாம் கடலைப் பார்க்கிறாள். இவ்வளவும் அந்த நாலு சொல்லுக்குள் இருக்கிறது. இப்படி ஒரு வரி எழுத நான் முப்பது வருஷமாக முயற்சி செய்கிறேன்.

சரணத்தில் இது எதுவுமே இல்லை. ஆறு தடவை 'பேபி' வருகிறது. கிளப் வருகிறது, லைட் வருகிறது. கருவாடு காயப்போடுகிற பெண்ணை அம்போவென்று விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டீர்கள்.

முதலில் சின்னக் கேள்விகள். நாலாயிரம் பேர் குறைவா? தொண்டிக் கடற்கரையில் நாலாயிரம் பேர் கூடினால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். எண்ணிக்கையைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம். சென்னைக்குப் போவது உங்கள் வீட்டு வரவு செலவைப் பொறுத்தது, அப்பாவோடு உட்கார்ந்து பேசுங்கள்.

ஆட்டோட்யூன் ஏமாற்று இல்லை. அதைச் செய்த ஆண்டி ஹில்டிபிராண்ட் பூமிக்கடியில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று ஒலியலைகளை வைத்துக் கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தவர். நிலத்தில் அதிர்வைக் கொடுத்து, திரும்பி வருகிற எதிரொலியைக் கணக்குப் போட்டு, கீழே என்ன இருக்கிறது என்று சொல்கிற வேலை. உச்சிப்புளிப் பக்கம் வயலில் ஒயரை நீளமாகப் பரப்பி வெடி வைத்துப் பார்த்த ஆட்களைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். வழுதூர் மின்நிலையத்தில் எரிகிற எரிவாயுவும் நம் மாவட்டத்து மண்ணுக்கடியிலிருந்து வருவதுதான். அந்தக் கணக்கைத்தான் அவர் மனிதக் குரலின் சுருதியைக் கண்டுபிடிக்கத் திருப்பிவிட்டார். 1997-ல் மென்பொருள் வெளிவந்தது.

பாடுகிறவர் சுருதி விலகினால் பக்கத்துச் சுரத்துக்கு அது இழுத்துவிடும். எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்று நாம்தான் வைக்கிறோம். நிதானமாக வைத்தால் கேட்கிறவருக்குத் தெரியாது. பூஜ்யத்தில் வைத்தால் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் படிக்கட்டு மாதிரித் தாவும், நடுவில் இருக்கிற வழுக்கல் போய்விடும். நம் பாட்டில் உயிர் அந்த வழுக்கலில் இருக்கிறது. தாலாட்டும் ஒப்பாரியும் அதில்தான் நிற்கின்றன. அப்பா சரியாகத்தான் கேட்டிருக்கிறார். 'காயலையே' என்பதில் அந்த 'லையே' இழுத்துக் கீழே இறங்க வேண்டும், அழுகை அங்கேதான் இருக்கிறது. அதை நீங்கள் படிக்கட்டாக வெட்டிவிட்டீர்கள். ஷெர் பாட்டை மறுபடி கேளுங்கள். சரணங்களில் சில இடங்களில்தான் அந்த எஃபெக்ட் பளிச்சென்று தெரியும். பல்லவியை அவர் வாய்விட்டுப் பாடுகிறார்.

ஒரே எஃபெக்டால் ஹிட் ஆனது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாட்டு பிறந்த கதையைச் சொல்கிறேன். பிரையன் ஹிக்கின்ஸ் என்பவரிடம் ஒரு டெமோ, அதாவது மாதிரிக்குப் பதிவு செய்த பாட்டு, இருந்தது. கேட்டவர்கள் பலரும் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். இங்கிலாந்து வார்னர் கம்பெனியின் தலைவராக இருந்த ராப் டிக்கின்ஸுக்குப் பல்லவி மட்டும் பிடித்திருந்தது. பல்லவியை வைத்துக்கொண்டு சரணத்தைத் தூக்கிப் போட்டார்கள். வேறு ஆட்கள் புதிதாக எழுதினார்கள். மார்க் டெய்லரும் பிரையன் ராலிங்கும் தயாரித்தார்கள். இரண்டாவது சரணம் அழுமூஞ்சியாக இருப்பதாக ஷெருக்குப் பட்டது, குளிக்கும்போது அவரே வரியை மாற்றினார். குரலில் கைவைத்த இடத்தை எடுத்துவிடச் சொன்னது கம்பெனி, அவர் கண்டிப்பாக முடியாது என்றுவிட்டார். அது எப்படிச் செய்தது என்று கேட்டவர்களிடம் தயாரிப்பாளர்கள் உண்மையைச் சொல்லாமல் வோகோடர் என்று வேறொரு கருவியைச் சொல்லிவைத்தார்கள். 1998 அக்டோபரில் பாட்டு வெளிவந்தது. இங்கிலாந்தில் ஏழு வாரம் முதலிடம். அந்த வருஷம் அங்கே அதிகம் விற்ற சிங்கிள் அதுதான். 1999 மார்ச்சில் அமெரிக்காவிலும் முதலிடம் வந்தபோது அவருக்கு 52 வயது. அதற்கு முன் அந்த இடத்துக்கு அவர் பாட்டு வந்தது 1974-ல். இருபத்தைந்து வருஷ இடைவெளி, தம்பி. உங்களுக்கு ஐந்து மாதம் பொறுக்கவில்லை.

அந்தப் பாட்டை எழுதியவர்கள் என்று ஆறு பெயர் பதிவாகியிருக்கிறது. ஆறையும் எழுதுகிறேன், அலுத்துக்கொள்ளாமல் படியுங்கள்: பிரையன் ஹிக்கின்ஸ், ஸ்டூவர்ட் மெக்லெனன், பால் பாரி, ஸ்டீவ் டார்ச், மேத்யூ கிரே, டிம் பவல். ஒரு நாலு நிமிஷப் பாட்டுக்கு ஆறு பேர். அதிலும் ஷெர் மாற்றிய வரிக்கு அவர் பெயர் இல்லை. அவ்வளவு பெரிய பாட்டிலும் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது.

இப்போது உங்கள் பாட்டுக்குக் கீழே நீங்கள் போட்டிருப்பதைப் பார்க்கிறேன். எழுத்து, இசை, குரல் என்று மூன்று இடத்திலும் உங்கள் பெயர். கடைசி வரியில் 'பல்லவி: பாரம்பரியம்'. பீட் போட்ட பையன் எங்குமே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததும் இதனால்தான்.

எங்கள் சின்னையா தனுஷ்கோடியில் கரைவலைக்குப் போவார். அப்போது அந்தப் பக்கம் தார்ச்சாலை கிடையாது. தங்கச்சிமடத்திலிருந்து கிளம்பி, முகுந்தராயர் சத்திரம் தாண்டி மணலில் நடக்க வேண்டும். விடுமுறை என்றால் நானும் கூடப் போவேன். வள்ளத்தில் வலையை ஏற்றி, கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, தென்கடலில் அரைவட்டமாகச் சுற்றி வலையை இறக்கி, மறுமுனையைக் கொஞ்ச தூரம் தள்ளிக் கரையில் கொடுப்பார்கள். கிழக்குக் கயிற்றில் இருபது பேர், மேற்குக் கயிற்றில் இருபது பேர். குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்துக்கொண்டே பின்வாங்குவார்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு ஓடி, தண்ணீர் ஓரத்தில் மறுபடி முதல் ஆளாகப் பிடிப்பார். மீன் சேருகிற வலையின் மடி கரைக்கு வர மூன்று மணி நேரம், நாலு மணி நேரம் ஆகும்.

சின்னையாவுக்கு வலது கையில் மூன்று விரல் கிடையாது. கயிறு பிடிக்க முடியாது. இரண்டு கயிற்றுக்கும் நடுவில், முழங்கால் தண்ணீரில் நின்று அம்பா பாடுவார், வலை இழுக்கிறவர்களுக்கான பாட்டு அது. ஒரு வரி அவர் எடுத்துக் கொடுப்பார். அந்த நேரம் நாற்பது பேரும் மூச்சு வாங்குவார்கள். 'ஏலேலோ' என்று எல்லோரும் திருப்பிச் சொல்லும்போது இழுப்பார்கள். எடுத்துக் கொடுக்கிற வரி நீண்டால் கை ஓயும், சுருங்கினால் மூச்சு முட்டும். மடி பக்கத்தில் வர வர வரியைக் குறுக்கிக்கொண்டே வருவார். கடைசியில் ஒரே சொல்தான், நாற்பது குதிகாலும் ஒரே நேரத்தில் மணலில் இறங்கும். இப்போது நீங்கள் எல்லாம் 'டிராப்' என்கிறீர்களே, பீட் ஏறி ஏறி வந்து விழுகிற இடம், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வரும்.

மீனை மணலிலேயே ஏலம் விடுவார்கள். வலைக்கும் வள்ளத்துக்கும் உரிய பங்கு போக மீதியை ஆட்களுக்குப் பிரிப்பார்கள். சின்னையாவுக்கு முழுப் பங்கு. புதிதாக வந்த ஒருவர் ஒருநாள் கேட்டுவிட்டார், "பாட்டுக்கு என்னய்யா பங்கு?" என்று. சின்னையா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வலைக்குப் போய் வள்ளத்து நிழலில் உட்கார்ந்துகொண்டார். இழுக்கத்தான் செய்தார்கள். கிழக்குக் கயிறு முந்திக்கொண்டது, மேற்குக் கயிறு பின்தங்கியது, வலை கோணிக்கொண்டது. இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கத்து ஆட்களைத் திட்ட, பாதி வலை உள்ளே வருவதற்குள் கைகலப்பு வரை போய்விட்டது. வலைக்காரரே நடந்துவந்து சின்னையாவின் தோளைத் தொட்டு, "வாங்க சம்மாட்டி" என்றார். சம்மாட்டி என்றால் வலையும் வள்ளமும் வைத்திருக்கிற முதலாளி. சொந்தமாக ஒரு துடுப்புக்கூட இல்லாத மனுஷனை அவர் அப்படிக் கூப்பிட்டதை நான் நின்று கேட்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

பல வருஷம் கழித்து டேப்ரிக்கார்டரோடு ஒருவர் வந்தார். கடலோரப் பாட்டெல்லாம் சேகரிக்கிறார் என்றார்கள். சின்னையா இரண்டு நாள் தொண்டை கட்டப் பாடிக் கொடுத்தார். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்கள். கேசட்டாக வந்ததைச் சின்னம்மா ராமநாதபுரம் போய்க் காசு கொடுத்து வாங்கிவந்தார். உறையில் தொகுத்தவர் பெயர் பெரிதாக இருந்தது. ஒலிப்பதிவு செய்தவர் பெயர், படம் வரைந்தவர் பெயர் எல்லாம் இருந்தது. 'பாடியவர்கள்: மீனவர்கள்' என்று போட்டிருந்தது. சின்னையாவுக்குப் படிக்கத் தெரியாது. உறையை என்னிடம் கொடுத்து, "எம் பேரு எங்கன இருக்கு, காட்டு" என்றார். நான் தொகுத்தவர் பெயரின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

'மீனவர்கள்' என்று போட்ட அதே கை 'பாரம்பரியம்' என்று போட்டிருக்கிறது. அந்தக் கை கடலோரத்திலேயே பிறந்த, சொந்தப் பேரனின் கையாக இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. கட்டியவர் யாரென்று தெரியாத பாட்டுக்கு அந்தச் சொல் இருக்கட்டும். உங்கள் வரியைக் கட்டியவர் யார் என்று நீங்களே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் தங்கள் பங்கை ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி ஆக்கினார்கள். பெரிய பெரிய ஆட்கள் வருஷக்கணக்காகப் போராடிய பிறகு வந்தது அது. உங்கள் அப்பத்தாவின் பங்குக்கு யாரும் போராட வேண்டியதில்லை. நீங்கள் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

ஒரே ராத்திரியில் முடித்தேன் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அப்பத்தாவின் வரி எத்தனை வருஷம் காய்ந்தது என்று கணக்குப் போட்டீர்களா? உங்கள் ராத்திரி சரணத்துக்கு மட்டும்தான் ஆனது. அது தெரியவும் தெரிகிறது. அதைத் தூக்கிப் போடுங்கள். அந்தப் பெண் நிமிர்ந்து கடலைப் பார்க்கிறாளே, அவளுக்கு அடுத்து என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். முடியாவிட்டால் அப்பத்தாவையே கேளுங்கள், அவரிடம் கட்டாயம் இன்னும் இரண்டு வரி இருக்கும். பீட் மிக நன்றாக இருக்கிறது, அந்தப் பையனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பல்லவியில் மட்டும் எஃபெக்டை எடுத்துவிட்டு உங்கள் சொந்தக் குரலில் பாடிப் பாருங்கள். சுருதி கொஞ்சம் விலகினாலும் இருக்கட்டும்.

கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அப்பாவுக்குப் போட்டுக் காட்டியது இருக்கிறது, அவர் சொன்னது இருக்கிறது. அப்பத்தாவுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினீர்களா? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். அவர் பெயரையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா