குப்பி மீன் குஞ்சுகள் தினமும் சாகின்றன: என்ன மருந்து போடலாம்?

கேள்வி: 30 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் மூன்று வாரக் குப்பிக் குஞ்சுகள் சுமார் நூறு இருக்கின்றன. ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஓடுகிறது. தினம் ஐந்து வேளை அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் தூள் தீவனமும் போடுகிறேன். வாரம் ஒருமுறை தண்ணீர் முழுவதையும் மாற்றிவிடுவேன். ஐந்து நாளாகக் குஞ்சுகள் வாலை ஒடுக்கிக்கொண்டு, ஓரிடத்திலேயே நின்று உடம்பை ஆட்டுகின்றன. தினம் நாலைந்து சாகின்றன. டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலைக் கரைத்து ஊற்றியும் பயனில்லை. ஹீட்டரைக் கூட்டி வைக்கலாமா?

பதில்: ஹீட்டரில் இப்போது கை வைக்க வேண்டாம். கேப்ஸ்யூலையும் நிறுத்திவிடுங்கள். குப்பிக்குப் பிடித்த கடினமான தண்ணீரில் கால்சியம் அதிகம். டெட்ராசைக்ளின் அதோடு பிணைந்து வீரியம் இழந்துவிடும். மேலும், கண்டபடி ஊற்றும் ஆன்டிபயாடிக், ஸ்பாஞ்சில் குடியிருந்து, கழிவிலிருந்து வரும் நச்சான அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கலாம்.

வாலை ஒடுக்குவதும் உடம்பை ஆட்டுவதும் தனியொரு நோயின் பெயர் அல்ல. செவுளோ தோலோ எரிகிறது என்பதற்கான அடையாளம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் தண்ணீர்மீதுதான். நூறு குஞ்சு, ஐந்து வேளைத் தீனி, அதிலும் மஞ்சள் கரு. 30 லிட்டர் இதைத் தாங்காது. மஞ்சள் கருவில் குஞ்சு தின்றது போக மீதி தரையில் படிந்து சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும்.

இன்றே அம்மோனியா, நைட்ரைட் (அம்மோனியாவிலிருந்து உண்டாகும் இன்னொரு நச்சு), பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) மூன்றையும் சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனைக் கிட்டில் சோதியுங்கள். அம்மோனியா எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் சுமார் 0.6 சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும்; பிஎச் 8 என்றால் அதுவே 5 சதவீதத்தைத் தாண்டும். கிட் லிட்டருக்கு 1 மில்லிகிராம் காட்டினால், பிஎச் 8 தண்ணீரில் நச்சு அம்மோனியா 0.05 மில்லிகிராம் ஆகிவிடும். செவுள் கெட அதுவே போதும். பலரும் தண்ணீரை ஒரேயடியாக நிறைய மாற்றும்போது குஞ்சுகள் சாவதற்கும் இது ஒரு காரணம். அழுக்கேறிய தொட்டியில் பிஎச் இறங்கியிருக்கும். பிஎச் கூடிய புதுத் தண்ணீர் நிறையக் கலந்தால் மிச்சமிருக்கும் அம்மோனியம் (அம்மோனியாவின் நச்சு குறைந்த வடிவம்) சட்டென்று நச்சாக மாறும். முழுவதும் மாற்றினாலோ பிஎச்சும் வெப்பமும் ஒரே நொடியில் மாறிக் குஞ்சுகள் அதிர்ந்துபோகும்.

எனவே காலையில் 7 லிட்டர், மாலையில் 7 லிட்டர் என்று மூன்று நாள் மாற்றுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தபின் தினம் 5 லிட்டர் போதும். ஏர் ட்யூபால் தரையைத் தடவினாற்போல் உறிஞ்சி வெள்ளை வாளியில் விடுங்கள். தவறி வரும் குஞ்சு வாளியில் தெரியும். புதுத் தண்ணீருக்கும் தொட்டிக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. குளோரின் கலந்த தண்ணீர் என்றால், 10 கிராம் சோடியம் தயோசல்ஃபேட்டை 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லிட்டருக்கு 10 மில்லி விடுங்கள். லிட்டருக்கு 1.4 மில்லிகிராம் வரையுள்ள குளோரினை அது முறிக்கும்.

அடுத்தது உப்பு. குப்பி உப்பை நன்றாகத் தாங்கும். முதலில் 30 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 30, பிறகு மற்றொரு 30. மொத்தம் லிட்டருக்கு 3 கிராம். மக்கில் கரைத்துச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள், உப்புக்கல் நேராகக் குஞ்சின் மேல் படக் கூடாது. தேக்கரண்டிக் கணக்கு வேண்டாம். கல் உப்புக்கும் பொடி உப்புக்கும் எடை மாறும். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கிறது. தோலில் ஒட்டும் சில நுண்ணுயிர்களும் உப்பால் கட்டுப்படும். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு வெறும் தண்ணீரையே ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை. 7 லிட்டர் எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினால் மட்டும் 21 கிராம் சேருங்கள். செடி இருந்தால் வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

தண்ணீர் சரியாக இருந்தும் சாவு நிற்கவில்லை என்றால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து ஒரு குஞ்சை உற்றுப் பாருங்கள். முதுகில் தங்கப் பொடி தூவினாற்போல் மினுங்கினால் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய். அந்த ஒட்டுண்ணிக்குப் பச்சையம் உண்டு. உப்போடு தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்கினால் பலவீனப்படும். இதற்கென்று விற்கும் செம்பு மருந்தைக் குஞ்சுகளுக்குப் போடாதீர்கள், நோயைவிட அது வேகமாகக் கொல்லலாம். துடுப்பிலும் உடம்பிலும் தனித்தனி வெள்ளைப் புள்ளிகள் என்றால் வெள்ளைப்புள்ளி நோய். புள்ளிக்குள் இருக்கும் உயிரை எந்த மருந்தும் தொடாது. அது கீழே விழுந்து பெருகி நீந்தும்போதுதான் மருந்தோ உப்போ பிடிக்கும். இங்கேதான் ஹீட்டருக்கு வேலை. சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரியாக 30 வரை ஏற்றினால் அந்தச் சுழற்சி வேகமாகும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், ஆகவே கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோன் போடுங்கள். புள்ளி மறைந்தபின்னும் ஒரு வாரம் தொடர வேண்டும்.

வாய் ஓரத்தில் வெள்ளைப் பஞ்சு, முதுகில் சேணம் வைத்தாற்போல் வெளிறிய பட்டை தெரிந்தால் கதை வேறு. அது பூஞ்சையாக இல்லாமல் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். சூடு ஏற ஏற அது வெறிகொண்டு பெருகும். 30 டிகிரிக்கு ஏற்றினால் மறுநாளே தொட்டி காலியாகிவிடலாம். ஹீட்டரைக் கேட்டதும் நான் தடுத்தது இதற்காகத்தான். இதற்கு 24 டிகிரியை ஒட்டி வைத்து, அந்தக் குஞ்சுகளைத் தனி டப்பாவுக்கு மாற்றி, ஆன்டிபயாடிக்கை மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள்.

செத்த குஞ்சைப் பார்த்த உடனே எடுங்கள். மற்றவை அதைக் கொத்தும், நோய் பரவும்.

குஞ்சுகளை இரண்டு மூன்று தொட்டிகளாகப் பிரியுங்கள்; இந்த வயதுக்கு லிட்டருக்கு ஒன்று என்பது நல்ல கணக்கு. நீங்கள் மும்மடங்குக்கும் மேல் வைத்திருக்கிறீர்கள். புதுத் தொட்டிக்கு நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிய ஸ்பாஞ்சைக் கொடுங்கள். வலை, ட்யூப், வாளி தொட்டிக்கு ஒன்றாக இருக்கட்டும். மஞ்சள் கருவை விட்டுவிட்டு, முட்டையிலிருந்து பொரிந்த ஆர்ட்டீமியாவை (இறால் இனத்து நுண்ணிய உயிரி) கொடுங்கள். முட்டை ஓடு மேலே மிதக்கும், உயிருள்ளவை வெளிச்சத்துக்கு வரும். அவற்றை மட்டும் வடித்து நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். ஓட்டைத் தின்ற குஞ்சுக்குக் குடல் அடைக்கலாம். தின்ற அரை மணியில் வயிறு ஆரஞ்சு நிறத்தில் உருண்டு தெரிய வேண்டும்; அப்படித் தெரியாத குஞ்சைத் தனியே கவனியுங்கள்.

ட்யூபை வாயால் உறிஞ்சாதீர்கள், கையில் காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மீனுக்கு வரும் ஒருவகைக் காசநோய்க் கிருமி மனிதத் தோலிலும் ஆறாத புண்ணை உண்டாக்கும்.

நான்கு நாளில் சாவு குறையாவிட்டால், நோயுற்ற இரண்டு மூன்று குஞ்சுகளை உயிரோடு அதே தொட்டித் தண்ணீரில் மீன் நோய் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். செத்த குஞ்சு உதவாது. பல ஒட்டுண்ணிகள் உயிர் போனதும் உடலை விட்டுப் போய்விடும், நுண்ணோக்கியில் எதுவும் தெரியாது. இன்னொரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைத் தனியாகவும் எடுத்துச் செல்லுங்கள்.