1968 ஹெமி டார்ட் மறுசீரமைப்பு: கேள்வி பதில்

நேர்கோட்டில் குறுந்தொலைவு ஓடும் டிராக் (drag) பந்தயத்துக்கென்றே கிறைஸ்லர் நிறுவனம் 1968-இல் உருவாக்கி விற்ற டாட்ஜ் டார்ட், அதன் உடன்பிறப்பான பிளிமவுத் பாரகுடா ஆகிய இரண்டு வண்டிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். ஹெமி என்பது அரைக்கோள எரியறை கொண்ட கிறைஸ்லர் எஞ்சின்; 426 என்பது கன அங்குலத்தில் அதன் கொள்ளளவு.

கேள்வி: ஒரு டார்ட் விலைக்கு வந்திருக்கிறது. 426 ஹெமி எஞ்சினும் ஃபைபர் மட்கார்டும் இருக்கின்றன. அசல்தானா என்று எப்படி அறிவது?

பதில்: எஞ்சினையும் ஃபைபரையும் பணம் இருந்தால் யாரும் வாங்கி எந்த டார்ட்டிலும் பூட்டிவிடலாம். ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டு, முதலில் வண்டி எண்ணைப் படியுங்கள். அது எல்ஓ23எம்8பி என்று தொடங்க வேண்டும். எல் என்பது டார்ட். ஓ என்பது சூப்பர் ஸ்டாக் என்னும் டிராக் பந்தயப் பிரிவு. 23 என்பது இரண்டு கதவு ஹார்ட்டாப் உடல், அதாவது பக்க ஜன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாத உடல். எம் என்பது தனி ஆணையின்பேரில் பொருத்தப்பட்ட எஞ்சின். 8 என்பது ஆண்டு. பி என்பது மிச்சிகன் மாநிலத்து ஹாம்டிராம்க் ஆலை. பாரகுடாவாக இருந்தால் பிஓ29 என்று தொடங்கும்.

எண் சரியாக இருந்தாலும் அதோடு நிற்காதீர்கள். எண் பொறித்த தகடு ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருக்கக்கூடும் என்பதால், உடல் சொல்லும் சாட்சியைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். இந்த வண்டிகள் ஆலையிலிருந்து ஹர்ஸ்ட் நிறுவனத்தின் பட்டறைக்குச் சென்று, அங்கே கைவேலையால் முடிக்கப்பட்டவை. அகன்ற ஹெமி எஞ்சின் உள்ளே உட்கார வேண்டும் என்பதற்காக வலப்பக்க ஷாக் அப்சார்பர் கோபுரத்தைத் தட்டி ஒதுக்கியிருப்பார்கள். வால்வு மூடிக்கு வழிவிட பிரேக் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளி வைத்திருப்பார்கள். பெரிய பந்தய டயருக்காகப் பின்சக்கர வளைவை வெட்டி விரித்திருப்பார்கள். பேட்டரி டிக்கிக்குள் இருக்கும். பின் இருக்கை இருக்காது. முன் இருக்கைகள் டாட்ஜின் ஏ100 வேனிலிருந்து வந்தவை. இந்த வேலைகள் பந்தயப் பருவத்துக்கு முன் விரைந்து முடிக்கப்பட்டவை என்பதால், சுத்தியல் தடமும் சீரற்ற வெட்டும் அப்படியே தெரியும். அந்த இடங்களெல்லாம் கண்ணாடிபோல மழமழவென்று இருந்தால், யாரோ பின்னாளில் செய்ததா, அல்லது அசலை மூடி மறைத்ததா என்று விசாரியுங்கள். டார்ட் சுமார் 80, பாரகுடா சுமார் 70 என்றுதான் பொதுவாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. அவ்வளவு அரிய வண்டி என்பதால், 1960-களின் பந்தயப் புகைப்படமோ முதல் விற்பனை ஆவணமோ இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கதவுகளில் பழைய பெயிண்ட் ஐந்தாறு அடுக்கு இருக்கிறது. மணல் வீச்சில் ஒரே நாளில் முடித்துத் தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கூடாது. எடையைக் குறைப்பதற்காக இவ்வண்டிகளுக்கு வழக்கத்தைவிட மெல்லிய எஃகுக் கதவுகளைக் கொடுத்தார்கள். மணல் துகள் தகட்டின் ஒரு முகத்தை மட்டும் ஓயாமல் அடித்து விரிப்பதால், மெல்லிய தகடு வில்போல வளைந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு டிங்கரிங் செய்தாலும் பழைய சமதளம் திரும்பாது. வளைவை மறைக்கப் பட்டி பூசினால், எடை குறைக்கப் பிறந்த கதவின் மேலேயே எடையை ஏற்றியவர் ஆவீர்கள். எஃகுப் பகுதிகளில் பெயிண்ட் கரைப்பானும் உப்புத்தாளும் கைப்பொறுமையும் போதும். கதவின் அடிமடிப்பில் கரைப்பான் தங்காதபடி கழுவி, முழுவதும் உலர்த்துங்கள். அங்கேதான் துரு உள்ளிருந்து தொடங்கும்.

கேள்வி: அதே கரைப்பானை ஃபைபர் பானெட்டிலும் பூசலாமா? பானெட்டில் நட்சத்திர வடிவ விரிசல்கள் இருக்கின்றன.

பதில்: பூசவே கூடாது. கரைப்பான் பெயிண்ட்டோடு நிற்காமல் பாலியெஸ்டர் பிசினையும் மென்மையாக்கிவிடும். ஃபைபரில் உப்புத்தாள் மட்டுமே. விரிசல் மேல்பூச்சில் மட்டுமா, இழைவரை இறங்கியிருக்கிறதா என்பதைப் பின்புறமிருந்து விளக்கு வைத்துப் பாருங்கள். இழைவரை போயிருந்தால், ஓரங்களை அகலமாகச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியை எப்பாக்ஸியில் நனைத்துப் பின்பக்கமிருந்து அடுக்குங்கள். இறுகிப்போன பழைய பாலியெஸ்டரின்மேல் புதிய பாலியெஸ்டரைவிட எப்பாக்ஸியே உறுதியாகப் பிடிக்கும். உட்பக்கத்தின் பழைய இழை அமைப்பைத் தேவைக்கு மேல் மூடாதீர்கள். அசல் பாகம் என்பதற்கு அது சான்று.

கேள்வி: பக்கக் கண்ணாடியில் கீறல்கள் உள்ளன. பாலிஷ் செய்யலாமா?

பதில்: அது கார்னிங் நிறுவனத்தின் கெம்கார் கண்ணாடியாக இருந்தால் தொடாதீர்கள். சூட்டில் உருகிய உப்பில் அமிழ்த்தி, கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சிறிய சோடியம் அயனிகளுக்குப் பதிலாகப் பெரிய பொட்டாசியம் அயனிகளை நுழைத்து வலுவூட்டிய கண்ணாடி அது. அதன் வலிமை முழுவதும் மிக மெல்லிய மேல்படலத்தில் இருக்கிறது. பாலிஷ் அந்தப் படலத்தைத் தின்றுவிடும். துளையிட்டாலோ வெட்டினாலோ நொறுங்கக்கூடும். கீறலோடு வாழுங்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் துணிப்பட்டையையும் தூக்கி எறியாதீர்கள். கைப்பிடிப் பொறிமுறைக்குப் பதிலாக அதைத்தான் கொடுத்தார்கள்.

கேள்வி: குறைந்த அழுத்தத்தில் மணல் வீசினால் பரவாயில்லையா?

பதில்: மேலே சொன்னதுதான். கூடாது.

கேள்வி: முடித்த பிறகு என்ன நிறம் அடிப்பது?

பதில்: இவ்வண்டிகள் விற்பனையாளரிடம் பெயிண்ட் இல்லாமல், எஃகு உடலில் பிரைமரோடும் ஃபைபர் பாகங்களில் கறுப்பு மேல்பூச்சோடும்தான் வந்தன. பந்தய வரலாறு தெரியாத வண்டியை அந்த நிலைக்கே கொண்டுபோவதுதான் நேர்மை.

கேள்வி: இதை நான் ஏற்கவில்லை. வாங்கிய சில வாரங்களிலேயே ஒவ்வொருவரும் நிறம் அடித்துப் பந்தயத்துக்குப் போய்விட்டார்கள். சாக்ஸ் அண்ட் மார்ட்டின் அணியின் பாரகுடாவைச் சிவப்பு, வெள்ளை, நீலம் இல்லாமல் யார் நினைக்கிறார்கள்? சில வாரங்களே இருந்த நிலையை உண்மை என்று சொல்லி, பல ஆண்டுகள் ஓடிய நிலையைப் பொய்யாக்குகிறீர்கள்.

பதில்: வலுவான வாதம். புகழ்பெற்ற அணியின் வண்டி என்று ஆவணத்தோடு தெரிந்தால், அந்த அணியின் நிறமே அதன் நிறம்; அதை நான் மறுக்கவில்லை. நான் சொல்வது வரலாறு அறியப்படாத வண்டியைப் பற்றி. அதற்கு நாமே ஒரு பந்தய நிறத்தைக் கற்பனை செய்து அடித்தால், இல்லாத ஒரு வாழ்க்கையை அதற்கு எழுதுகிறோம். பிரைமர் நிலையோ எல்லா வண்டிகளுக்கும் பொதுவான, ஐயமற்ற ஒரே நிலை. பாப் டரோசி போன்ற கிறைஸ்லர் பொறியாளர்கள் எங்கே எதை வெட்டி எடை குறைத்தார்கள் என்பது அதில்தான் மறைப்பில்லாமல் தெரிகிறது.

கேள்வி: அப்படியானால், தேய்க்கும்போது அடியில் பழைய நிறமும் எழுத்தும் தென்பட்டால்? பிரைமருக்காக அதையும் தேய்த்து எடுப்பீர்களா?

பதில்: ஒருநாளும் எடுக்கமாட்டேன். அந்த இடத்திலேயே உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, படம் எடுத்து, ஒவ்வோர் அடுக்கின் ஓரத்தையும் பதிவு செய்யுங்கள். எழுத்தின் ஒரு மூலையைக் கொண்டே ஓட்டுநரின் பெயரை, பின்னர் பழைய பந்தயப் படத்தைக் கண்டுபிடிக்க முடியும். வரலாறு கிடைத்துவிட்டால் என் பிரைமர் விதி அந்த வண்டிக்குப் பொருந்தாது. முன்பாதி 1968 பிரைமர், பின்பாதி 1972 பந்தய வடிவம் என்று இரண்டையும் கலப்பதை மட்டும் இருவரும் எதிர்ப்போம் என நம்புகிறேன்.

கேள்வி: இரண்டு ஹோலி கார்ப்பரேட்டர்களையும் எப்படிச் சமன் செய்வது?

பதில்: இரண்டு கார்ப்பரேட்டர்களையும் குறுக்காக வைக்கும் கிராஸ்ராம் அமைப்பில் பழகிய எஞ்சின் மெக்கானிக்கைக் கேளுங்கள். என் வேலை உடலோடு முடிகிறது.

கேள்வி: வார இறுதியில் சாலையில் ஓட்டலாமா?

பதில்: பொதுச் சாலைக்காகச் செய்யப்பட்டதல்ல என்று தயாரிப்பாளரே வண்டியில் அறிவிப்பு ஒட்டிக் கொடுத்தார். ஓட்ட வேண்டுமானால் பந்தயத் தடத்துக்குப் போங்கள். அமெரிக்காவில் டிராக் பந்தயங்களை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பு இந்த வண்டிகளுக்கென்றே எஸ்எஸ்/ஏஎச் என்ற பிரிவை வைத்திருக்கிறது. அங்கே போட்டியிட இன்றைய பாதுகாப்புக் கூண்டு தேவைப்படும். அசல் தரையை வெட்டிக் கூண்டு கட்டுவதைவிட, பிரதி வண்டி ஒன்றில் போட்டியிடுவதையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: எண் தகட்டைக் கழற்றி, பாலிஷ் செய்து மாட்டலாமா?

பதில்: தொடாதீர்கள். அமெரிக்காவில் எண் தகட்டில் கைவைப்பது சட்டச் சிக்கல். அதோடு அசல் ரிவெட்டுகள் போய்விட்டால், அடுத்து வாங்குபவர் உங்கள் வண்டியை நம்பமாட்டார்.

கேள்வி: மணலுக்குப் பதிலாகச் சோடா உப்புத் தூளை வீசினால்?

பதில்: மணலைவிட மென்மையானது, ஆனால் மடிப்புகளில் தங்கும் தூளை முழுவதும் கழுவாவிட்டால் புதிய பெயிண்ட் பிடிக்காது. மெல்லிய கதவுக்குக் கையையே நம்புங்கள். வீச்சு பற்றிய வேறு கேள்விகளுக்கும் இதுவே பதில்.