என்பிஏ கூடைப்பந்து லீக் தன் டிராஃப்ட் முறையை மாற்ற வேண்டுமா?

அதிகம் தோற்கும் அணிக்கே நல்ல இளம் வீரர் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்ற என்பிஏவின் இப்போதைய ஏற்பாடு சரியா, மாற்ற வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்ற வேண்டும். ஆனால் சதவீதத்தை இங்கே கொஞ்சம் கூட்டி அங்கே கொஞ்சம் குறைப்பதால் பயனில்லை. அதை 40 வருடமாகச் செய்து பார்த்துவிட்டார்கள். தோல்விக்கும் பரிசுக்கும் நடுவே போட்டிருக்கும் முடிச்சையே அவிழ்க்க வேண்டும் என்பது என் கருத்து.

டிராஃப்ட் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐபிஎல் ஏலத்தில் பணம் பேசும், இங்கே வரிசை பேசும். கல்லூரியிலிருந்தும் வெளிநாட்டு லீக்குகளிலிருந்தும் வரும் இளம் வீரர்களை 30 அணிகளும் முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். இரண்டு சுற்று நடக்கும். ஒரு அணி எடுத்துவிட்டால், அந்தப் பையன் என்பிஏவில் ஆட வேண்டுமென்றால் அந்த அணியோடுதான் ஒப்பந்தம் போட வேண்டும். கூடைப்பந்தில் களத்தில் நிற்பது ஐந்தே பேர் என்பதால் ஒரே ஒருவர் வந்தாலும் அணியின் தலையெழுத்து மாறிவிடும். 1996-97 சீசனில் சான் அன்டோனியோ அணியின் பெரிய வீரர் டேவிட் ராபின்சன் காயத்தால் பெரும்பாலும் ஆடவில்லை, அணி 20 ஆட்டம்தான் ஜெயித்தது. அடுத்து வந்த டிராஃப்ட்டில் முதல் தேர்வு அவர்களுக்கு விழுந்தது. டிம் டங்கனை எடுத்தார்கள். அவரை வைத்து ஐந்து கோப்பை வாங்கினார்கள். இப்படி ஒரு பரிசு கண்ணெதிரே தொங்கும்போது, ஏற்கெனவே நொந்துபோன ஒரு அணி நிர்வாகம் என்ன கணக்குப் போடும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேண்டுமென்றே தோற்பதை அங்கே டேங்கிங் என்கிறார்கள். இதில் நிறைய பேர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் உண்டு. ஆட்டக்காரர்கள் யாரும் தோற்பதற்காக ஆடுவதில்லை. அவர்களுக்கு அடுத்த ஒப்பந்தம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. தோற்க வைப்பது மேலே இருப்பவர்கள். நல்ல வீரரை விற்றுவிடுவது, சின்ன வலிக்கு இரண்டு வாரம் ஓய்வு கொடுப்பது, கடைசிக் காற்பகுதியில் அனுபவமில்லாத ஐந்து பேரை இறக்குவது, இப்படித்தான் நடக்கும்.

இது புதிதும் இல்லை. 1984-இல் ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக வந்த இரண்டு அணிகளுக்கு நடுவே நாணயம் சுண்டி முதல் தேர்வை முடிவு செய்தார்கள். அந்த வருடம் ஹியூஸ்டன் அணி கடைசி 17 ஆட்டங்களில் 14-ஐ இழந்தது. சீசன் முடியும் தறுவாயில் கூடுதல் நேரம் வரை போன ஒரு ஆட்டத்தில் 38 வயது எல்வின் ஹேஸை 53 நிமிடமும் உட்கார விடாமல் ஆடவிட்டார்கள். முழு ஆட்டமே வழக்கமாக 48 நிமிடம்தான். அப்புறம் நாணயம் அவர்கள் பக்கம் விழுந்தது, கல்லூரி நட்சத்திரம் ஹகீம் ஒலாஜுவான் வந்தார். அடுத்த வருடமே லாட்டரி கொண்டுவந்தார்கள். கோப்பைக்கான கடைசிக்கட்டச் சுற்றுகளான பிளேஆஃபுக்குப் போகாத ஏழு அணிகளின் பெயரையும் உறையில் போட்டு எடுத்தார்கள், எல்லோருக்கும் சம வாய்ப்பு. அது மோசமான அணிகளுக்கு அநியாயம் என்று 1990-இல் அதிகம் தோற்ற அணிக்கு அதிக வாய்ப்பு என்று மாற்றினார்கள். 1993-இல் 41 வெற்றி 41 தோல்வி என்று பாதிக்குப் பாதி வைத்திருந்த ஒர்லாண்டோ, 66-இல் ஒரே ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் தேர்வைத் தட்டிச் சென்றது. உடனே அடுத்த வருடம் கடைசி அணியின் வாய்ப்பை 25 சதவீதம் ஆக்கினார்கள். அந்த 25 சதவீதம்தான் பிலடெல்பியா அணியின் வேண்டுமென்றே தோற்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2013 தொடங்கி மூன்று சீசன்களில் அவர்கள் 19, 18, 10 என்று ஜெயித்தார்கள். ஒரு சீசனில் 26 ஆட்டம் தொடர்ந்து தோல்வி. திட்டமிட்டுக் கட்டப்பட்ட அணி அது. அதற்குப் பதிலடியாக 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீதம் என்று சமப்படுத்தினார்கள்.

ஒரு பக்கம் இறுக்கினால் மறுபக்கம் பிதுங்குகிறது. வாய்ப்பைச் சமப்படுத்தினால் உண்மையிலேயே நலிந்த அணிக்கு உதவி போய்ச் சேருவதில்லை. கூட்டினால் தோற்கப் போட்டி போடுகிறார்கள். 40 வருட வரலாறும் இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடியதுதான்.

லாட்டரி எப்படி எடுக்கிறார்கள் என்பதை ஒருமுறை விவரமாகப் பார்ப்பது நல்லது. 1 முதல் 14 வரை எண் எழுதிய 14 பிங்பாங் பந்துகள் ஒரு கண்ணாடி இயந்திரத்துக்குள் சுழலும். முதல் பந்தை எடுக்கும் முன் 20 விநாடி, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. நேரம் பார்ப்பவர் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கையை உயர்த்தி சைகை காட்டுவார். நான்கு பந்து வெளியே வரும். மொத்தம் 1001 சேர்க்கை சாத்தியம். ஒன்றை ஒதுக்கிவிட்டு மீதி 1000-ஐ பிளேஆஃபுக்குப் போகாத 14 அணிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். கடைசி மூன்று அணிகளுக்குத் தலா 140, அடுத்த அணிக்கு 125, இப்படிக் குறைந்துகொண்டே போய் 14-ஆவது அணிக்கு 5. உள்ளே இருப்பவர்களின் செல்போனைக்கூட முன்பே வாங்கி வைத்துவிடுவார்கள். இப்படி நான்கு இடத்தை மட்டும் எடுப்பார்கள், மீதி வெற்றி தோல்விக் கணக்குப்படி.

நடைமுறையில் கொஞ்சமும் குறையில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். டெட்ராய்ட் 2022-23-இல் 17 ஆட்டம் ஜெயித்து எல்லோருக்கும் கீழே முடித்தது, கிடைத்தது ஐந்தாவது தேர்வு. அடுத்த சீசனில் 28 ஆட்டம் தொடர்ந்து தோற்று, 14 வெற்றியோடு மறுபடியும் கடைசி. மறுபடியும் ஐந்தாவது தேர்வு. அந்த வருடம் முதல் தேர்வு 3 சதவீத வாய்ப்பு மட்டும் வைத்திருந்த அட்லாண்டாவுக்குப் போனது. 2025-இல் டல்லஸ். பிப்ரவரியில் தன் நட்சத்திரம் லூக்கா டான்சிச்சைத் தானாகவே விற்றுவிட்ட அணி, 1.8 சதவீத வாய்ப்பில் முதல் தேர்வை வென்று கல்லூரி நட்சத்திரம் கூப்பர் ஃப்ளாக்கை வாங்கிக்கொண்டது. நலிந்தவருக்குக் கைகொடுப்பதுதான் நோக்கம் என்றால் இது எந்த வகையில் கைகொடுப்பது?

டல்லஸ் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு இந்த விஷயத்தில் ஆறாத கோபம் இருப்பதே 2023 ஏப்ரல் 7 அன்று நடந்த ஒரு ஆட்டத்தால்தான். அன்று டல்லஸ் சிகாகோவுடன் ஆடியது. பிளேஆஃபுக்கு முந்தைய தகுதிச்சுற்றில் நுழைய அவர்களுக்கு இன்னும் வாய்ப்பு மிச்சம் இருந்தது. கணக்குப்படி வெளியேறவில்லை. ஆனால் அவர்களுடைய முதல் சுற்றுத் தேர்வு ஏற்கெனவே நியூயார்க்குக்கு விற்கப்பட்டிருந்தது, ஒரு நிபந்தனையோடு: அது முதல் பத்துக்குள் விழுந்தால் டல்லஸே வைத்துக்கொள்ளலாம், பதினொன்று என்றால் நியூயார்க்குக்குப் போய்விடும். ஜெயித்தால் பிளேஆஃப் ஆசை, தோற்றால் அந்தத் தேர்வு கையில் தங்கும். கைரி இர்விங் உட்பட முக்கியமானவர்களை உட்கார வைத்தார்கள். டான்சிச் முதல் காற்பகுதியும் அதற்கு மேல் சில விநாடிகளும் ஆடிவிட்டு வெளியே வந்துவிட்டார். ஆட்டம் 115-112 என்று சிகாகோ பக்கம் முடிந்தது. மூன்றே புள்ளி! மாற்று வீரர்கள் உயிரைக் கொடுத்து ஆடியிருக்கிறார்கள். லீக் விசாரித்தபோதும் களத்தில் இருந்தவர்கள் ஜெயிக்க ஆடவில்லை என்று சொல்லவில்லை, குற்றம் நிர்வாகத்தின் மீது என்று முடிவானது. அபராதம் 7,50,000 டாலர்.

அப்புறம் என்ன ஆனது? டல்லஸுக்குப் பத்தாவது தேர்வு தங்கியது. அதைக் கொடுத்து 12-ஆவது தேர்வில் டெரெக் லைவ்லியை வாங்கினார்கள். அடுத்த வருடமே அவர் துணையோடு 2024 இறுதிச்சுற்று வரை போனார்கள். இறுதிச்சுற்றுக்குப் போகும் அணியில் ஆடக்கூடிய ஒரு இளம் வீரருக்கு 7,50,000 டாலர் என்பது எந்த உரிமையாளரும் சிரித்துக்கொண்டே கட்டக்கூடிய விலை. அபராதத்தால் இதைத் தடுக்க முடியாது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அன்று அரங்கத்துக்கு டிக்கெட் வாங்கி வந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். தன் அணி ஜெயித்தால் இன்னும் உயிர் இருக்கிறது என்று நம்பி வந்தவர்கள். அவர்கள் முன்னால் நடந்தது போட்டியே இல்லை. ஒரு விளையாட்டு ரசிகனிடம் கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்கிறார்கள்: உன் அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள். மார்ச் மாதம் வந்தாலே கீழ்ப்பாதி அணிகளின் ரசிகர்கள் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். நானும் அவர்களோடு பேசிப் பேசி, இது எவ்வளவு வருத்தமான பழக்கம் என்று உணர்ந்திருக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்?

எனக்குப் பிடித்தது கோல்ட் திட்டம். ஆடம் கோல்ட் என்ற புள்ளியியல் மாணவர் 2012-இல் முன்வைத்தது. ஒரு அணி பிளேஆஃபுக்குப் போக வழியே இல்லை என்று கணக்குப்படி ஆன நாளிலிருந்து அதன் வெற்றிகளை எண்ண ஆரம்பிக்க வேண்டும். அதிகம் ஜெயித்த அணிக்கு முதல் தேர்வு. அவ்வளவுதான். குலுக்கலும் இல்லை, பந்தும் இல்லை.

இதில் மோசமான அணிக்கு உதவி எங்கே என்று கேட்பீர்கள். மோசமான அணி சீக்கிரமே வெளியேறிவிடும், அதனால் அதற்கு எண்ணிக்கைக்கு அதிக ஆட்டம் கிடைக்கும். ஒரு அணி 25 ஆட்டம் மிச்சமிருக்கும்போதே வெளியேறுகிறது, இன்னொன்று 4 ஆட்டம் மிச்சமிருக்கும்போது வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது அணி நான்கையும் ஜெயித்தாலும், முதல் அணி 25-இல் 5 ஜெயித்தால் போதும், முந்திவிடும். 20 தோல்வியோடு! ஆக உதவியும் கிடைக்கிறது, ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்கக் காரணமும் இருக்கிறது. பிப்ரவரியில் நல்ல வீரரையெல்லாம் விற்றுத் தள்ளினால் மார்ச்சில் எண்ணுவதற்கு வெற்றி இருக்காது, அதனால் அந்தச் சந்தையும் கொஞ்சம் அடங்கும். இது வெறும் காகிதத் திட்டமும் இல்லை. வட அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான பிடபிள்யுஎச்எல் 2024-இல் தன் முதல் சீசனிலிருந்தே இப்படித்தான் செய்கிறது.

ஓட்டை இல்லாமல் இல்லை. 28 ஆட்டம் தொடர்ந்து தோற்ற டெட்ராய்ட் போன்ற அணியால் வெளியேறிய பிறகும் ஜெயிக்க முடியாமல் போகலாம். அதற்கு பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யுஎன்பிஏவில் ஏற்கெனவே இருப்பதைக் கடன் வாங்கலாம். அவர்கள் லாட்டரிக்கு இரண்டு சீசன் கணக்கைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். தொடர்ந்து இரண்டு வருடம் அடிவாங்கிய அணி மூன்றாவது இடத்துக்குக் கீழே போகாது என்று ஒரு காப்பு வைத்தால் போதும். சீசன் தொடக்கத்தில் வேண்டுமென்றே தோற்றுச் சீக்கிரம் வெளியேறிவிட்டு அப்புறம் ஜெயிப்பார்களே என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கு நான்கு மாதம் நல்ல அணியை வைத்துக்கொண்டு தோற்க வேண்டும். அந்தப் பயிற்சியாளர் அதற்குள் வேலையை இழந்திருப்பார்.

இதோடு இன்னொன்றையும் செய்தாக வேண்டும்: விற்கும் தேர்வுகளில் முதல் பத்துக்குள் விழுந்தால் எனக்கு, இல்லாவிட்டால் உனக்கு என்ற நிபந்தனையைத் தடை செய்வது. டல்லஸைத் தூண்டியது லாட்டரி சதவீதம் இல்லை, இந்தக் கோடுதான். ஒரு வெற்றியில் முழுத் தேர்வும் கைமாறும் என்றால் யாருக்கும் சபலம் வரும். 

சக்கர முறை என்று ஒன்றும் பேசப்பட்டது. பாஸ்டன் அணி நிர்வாகத்தின் மைக் ஸாரன் யோசனை: 30 வருடத்தில் ஒவ்வொரு அணிக்கும் ஒவ்வொரு இடமும் ஒருமுறை வரும், வெற்றி தோல்விக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. டேங்கிங் அடியோடு ஒழியும். ஆனால் எந்த வருடம் எந்த அணிக்கு முதல் இடம் என்று முன்பே தெரிந்தால், கல்லூரியில் இருக்கும் பெரிய வீரர் ஒரு வருடம் காத்திருந்து தனக்குப் பிடித்த ஊருக்குப் போகலாம். தரைமட்டமான அணிக்கு அந்த வருடம் 27-ஆவது இடம் வந்தால் கதி அதோகதி. எனக்கு இது ஒப்பவில்லை.

டிராஃப்ட்டையே எடுத்துவிடலாம் என்பவர்களை மட்டும் நான் லேசாக ஒதுக்க மாட்டேன். அமெரிக்கப் பெண்கள் கால்பந்து லீக்கான என்டபிள்யுஎஸ்எல் 2024-இல் வீராங்கனைகள் சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் அதைத்தான் செய்தது. 19 வயதில் எந்த ஊரில் வேலை செய்வது என்பதை ஒரு மனிதர் தானே முடிவு செய்யக்கூடாதா என்ற கேள்விக்கு நேர்மையான மறுப்பு கிடையாது. என்பிஏவில் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் நான்கு வருடம் வரை அந்த அணியின் பிடியில் இருப்பார், சம்பளமும் அட்டவணைப்படிதான். அதையும் மீறி டிராஃப்ட் இருக்கட்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம், இந்த அட்டவணைச் சம்பளம் இருக்கும்வரை எல்லா அணியும் ஒரே தொகையைத்தான் தர முடியும் என்பதே. அப்போது மியாமியும் லாஸ் ஏஞ்சலஸும் இழுக்கும் இழுப்பில் பெரிய வீரர்கள் அங்கேயே போய்க் குவிவார்கள். சம்பள அட்டவணையையும் சேர்த்து எடுக்க உரிமையாளர்கள் சம்மதித்தால் நான் கட்சி மாறுவேன்.

உரிமையாளர்கள்தான் எல்லாவற்றுக்கும் திறவுகோல். டிராஃப்ட் லாட்டரி விதியை மாற்ற 30 பேரில் 23 பேர் வாக்களிக்க வேண்டும். 2014 அக்டோபரில் சதவீதத்தைச் சமப்படுத்தும் திட்டம் வந்தபோது 17 பேர் ஆதரித்தார்கள், 13 பேர் எதிர்த்தார்கள், திட்டம் விழுந்தது. நாளைக்கு நாமும் கீழே விழுவோம், அப்போது இந்த லாட்டரிதான் தூக்கிவிடும் என்ற பயம் சிறிய ஊர் அணிகளுக்கு. மூன்று வருடம் பிலடெல்பியாவின் தோல்விகளைப் பார்த்த பிறகு, 2017 செப்டம்பரில் கிட்டத்தட்ட அதே திட்டத்துக்கு 28 பேர் கை தூக்கினார்கள். எதிர்த்தது ஓக்லஹோமா சிட்டி மட்டும். வாக்களிக்காமல் ஒதுங்கியது டல்லஸ்.